எதுவும் அறியாத கனவான்கள்

இந்த நாட்டில் மனம் என்ற ஒன்று யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேதாந்தம் படிக்க வேண்டியதில்லை. ஏதாவதொரு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். டாஸ்மாக் வாசலில் ஒரு குவார்ட்டருக்காகச் சண்டை போட்டுக் கத்தியை இறக்கிய பெயின்டருக்கு மனம் உண்டு. வரப்புத் தகராறில் மண்வெட்டியைச் சுழற்றிய கூலிக்காரனுக்கு மனம் உண்டு. உள்நோக்கம், முன்விரோதம், வன்மம் என்று அந்த மனத்துக்குள் எல்லாமே அடுக்கி வைத்தபடி இருக்கும். எஸ்.ஐ. எழுதுகிற முதல் தகவல் அறிக்கையைப் படித்தால் புரியும், தமிழ்நாட்டில் எவனும் பேசாமல் வெட்டுவதில்லை. 'இன்னையோட ஒழிஞ்சு போடா' என்று நான்கு சாட்சிகள் காதில் விழும்படி, நல்ல உச்சரிப்பில் சொல்லிவிட்டுத்தான் அரிவாளை ஓங்குகிறான். கொல்லும் நோக்கத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டால் வழக்கு நிற்கும் என்ற சட்ட ஞானம் அவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. காவல்துறைக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் வர்க்கம் வேறு கிடையாது.

கம்பெனிச் சேர்மனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருக்கு மூளை உண்டு. பங்கு விலை நாளை எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்றைக்கே தெரியும். எந்த அமைச்சரின் மைத்துனருக்கு எந்த விஸ்கி பிடிக்கும் என்றும் தெரியும். தன் ஆலையில் எந்த வால்வு ஒழுகுகிறது, எந்தப் பாதுகாப்பு இயந்திரம் எத்தனை மாதமாகப் படுத்துக் கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்று நிரூபிக்க நாட்டின் மிக விலையுயர்ந்த வழக்கறிஞர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஊரில் எல்லோரும் தங்கள் அறிவை நிரூபிக்கத்தான் காசைக் கொட்டுகிறார்கள். அறியாமையை நிரூபிக்கக் கோடிகளைக் கொட்டுகிற ஒரே இடம் நம் குற்றவியல் நீதிமன்றம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒருவனால் இன்னொருவன் செத்தால், மேலே இருப்பது கொலை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, தூக்கு அல்லது ஆயுள். அதற்குக் கீழே கொலையாகாத மரணம் விளைவித்தல், 304. அதில் இரண்டு பாகம். நோக்கம் இருந்தால் முதல் பாகம், ஆயுள் வரை போகும். நோக்கம் இல்லை, ஆனால் இப்படிச் செய்தால் ஆள் சாகக்கூடும் என்ற அறிவு இருந்தது என்றால் இரண்டாம் பாகம், 10 வருடம் வரை. எல்லாவற்றுக்கும் அடியில், 1870-ல் நுழைத்த 304ஏ. கவனக்குறைவாக மரணம் விளைவித்தல். அதிகபட்சம் 2 வருடம், நீதிபதிக்கு மனமிருந்தால் வெறும் அபராதம். நீதிமன்ற வராந்தாவில் 'த்ரீ நாட் டூவை ஃபோர் பார்ட் டூ ஆக்கித் தர்றேன்' என்று வக்கீல் கட்சிக்காரனிடம் பீஸ் பேசுவது இந்த மாடிப்படியை வைத்துத்தான்.

மெக்காலே 1837-ல் வரைவு கொடுத்து, 1860-ல் நிறைவேறி, 1862-ல் அமலுக்கு வந்த சட்டம் இது. கொலையையும் கொலையாகாத மரணத்தையும் பிரிக்கும் பிரிவுகள்தான் இந்தச் சட்டத்திலேயே பலவீனமான பகுதி என்று அன்றைக்கே வருத்தப்பட்டவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அவர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல, வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த வெள்ளைக்காரர். மரணம் விளையக்கூடிய காயத்தை உண்டாக்க நினைத்தால் கொலையாகாத மரணம். இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை உண்டாக்க நினைத்தால் கொலை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் தூக்குக் கயிறு தொங்குகிறது.

பாகுபாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டம் போட்டு விஷம் வைத்தவனையும், வாய்ச்சண்டையில் கையில் கிடைத்த விறகால் ஒரு அடி அடித்தவனையும் ஒரே கயிற்றில் தொங்கவிடும் நாட்டில் யார் இருக்க முடியும்? பாகுபாடு நல்லது. அதன் பலன் யாருக்கு, எப்போது போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், புருஷன்மார்களுக்கு. 1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கோவிந்தா வழக்கு. சட்டக் கல்லூரியில் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்வது. 18 வயதுக் கணவன், 15 வயது மனைவியை உதைத்துக் கீழே தள்ளி, நெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தில் இரண்டு மூன்று குத்து விட்டான். மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் செத்தாள். செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதித்தார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மெல்வில் இந்த இரண்டையும் வரையறுக்கும் 299-ஐயும் 300-ஐயும் எதிரெதிரே வைத்து, வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டு, இது கொலையல்ல என்று கண்டுபிடித்தார். ஏழு வருடம் தீவாந்தரம். தர்க்கம் அழகானது, இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது. வழக்குக்குக் கோவிந்தாவின் பெயர். மற்றபடி அந்த 15 வயதுக் குழந்தை இந்தியச் சட்டவியலுக்குத் தன் மண்டையைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நம் பங்குக்குச் சென்னை உயர் நீதிமன்றமும் 1919-ல் ஒன்று கொடுத்தது. பழனிக் கவுண்டன் வழக்கு. மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடித்தான். மயங்கி விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தூக்கு மாட்டிக்கொண்டதாகக் காட்டுவதற்காக உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டான். அவள் உண்மையில் செத்தது கயிற்றில்தான். முழு ஆயம் உட்கார்ந்து யோசித்தது. அடித்தபோது கொல்லும் நோக்கம் இல்லை. தொங்கவிட்டபோது அவள் அவனைப் பொறுத்தவரை பிணம். பிணத்தை எப்படிக் கொல்ல முடியும்? எனவே கொலை இல்லை, கொலையாகாத மரணமும் இல்லை. அடித்ததற்கும், பொய்ச் சாட்சியம் ஜோடிக்கப் பார்த்ததற்கும்தான் அவனைத் தண்டிக்கலாம். ஒரே நாளில் இரண்டு முறை உயிரை வாங்கியும் ஒரு முறைகூடக் கொல்லவில்லை என்ற சாதனை கொங்கு மண்ணுக்கோ எந்த மண்ணுக்கோ, எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை.

இனி ஈட்டிக்காரனுக்கு வருவோம். பஞ்சாபில் விர்சா சிங். 1955-ல் ஒரே ஒரு முறை ஈட்டியை வயிற்றில் பாய்ச்சினான். குடல் சரிந்து, மறுநாள் ஆள் செத்தான். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையே என்பது அவன் வாதம். உச்ச நீதிமன்றத்தில் 1958-ல் விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, இந்தத் துறையில் வேதம். கொல்ல நினைத்தானா என்பதே கேள்வியல்ல. அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தானா? நினைத்தான். அந்தக் காயம் சாகடிக்கப் போதுமானதா? போதும் என்கிறார் மருத்துவர். முடிந்தது, கொலை. சாகடிக்கப் போதுமான காயங்களை உண்டாக்கிக்கொண்டு திரிய இங்கே எவருக்கும் லைசென்ஸ் கிடையாது என்றும் போஸ் சேர்த்துக்கொண்டார்.

கவனிக்க வேண்டிய சொல், லைசென்ஸ். விர்சா சிங் செய்த பிழை அதுதான். ஈட்டிக்கு முறைப்படி விண்ணப்பித்து, மத்திய அரசிடம் தொழில் உரிமம் வாங்கி, அமெரிக்கத் தாய்க் கம்பெனி ஒன்றையும் பின்னால் நிறுத்தியிருந்தால், அவன் கதை வேறாக இருந்திருக்கும். யூனியன் கார்பைடு வாங்கியிருந்தது.

போபாலை இங்கே கொஞ்சம் நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும். 1981 டிசம்பரில் அங்கிருந்த யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி செத்தார். 1982-ல் அமெரிக்காவிலிருந்தே பொறியாளர்கள் வந்து, ஆலையைச் சுற்றிப் பார்த்து, என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், கையில் காசில்லாத ஒரு சின்ன வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, ஊர் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினார். ஒரு முறையல்ல, திரும்பத் திரும்ப எழுதினார். 1984 நடுவில் செலவைக் குறைக்க, மீத்தைல் ஐசோசயனேட்டைக் குளிர வைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். வாயுவைக் கழுவும் அமைப்பு ஓய்வில் இருந்தது. தப்பிய வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. டிசம்பர் 2 இரவு 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் போயிற்று. விடிவதற்குள் ஊர் பிணக்காடு.

மத்தியப் பிரதேச நீதிமன்றம் கம்பெனி அதிகாரிகள்மீது 304 இரண்டாம் பாகத்தில் குற்றச்சாட்டு வனைந்தது. அதாவது, கொல்ல நினைக்கவில்லை, ஆனால் சாகக்கூடும் என்று அறிந்திருந்தார்கள். எவ்வளவு அடக்கமான குற்றச்சாட்டு! கொலை என்றுகூடச் சொல்லவில்லை. அதையும் 1996-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆலையில் எத்தனை கோளாறு இருந்திருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட இரவில் அதை ஓட்டுவதால் மனிதர்கள் சாவார்கள் என்ற அறிவு இவர்களுக்கு இருந்தது என்பதற்கு முகாந்திரம் இல்லை. எனவே கவனக்குறைவு, 304ஏ. விர்சா சிங் விஷயத்தில், சாவு மனத்தில் இருந்ததா என்று கேட்கவே தேவையில்லை என்ற சட்டம், இங்கே அந்த இரவில், அந்த மணியில், அந்தத் தலைக்குள் அறிவு இருந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தது. இருட்டாக இருந்தது.

14 வருடம் கழித்து, 2010 ஜூன் 7 அன்று போபால் நடுவர் நீதிமன்றம், இந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த கேசவ் மகிந்திரா உள்ளிட்ட ஏழு பேருக்கு 2 வருடம் விதித்தது. சட்டத்தில் இருந்த அதிகபட்சமே அதுதான், நடுவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கு 5,295. அங்குள்ள மக்கள் சொல்வது அதைவிடப் பல மடங்கு, ஆனால் அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2 வருடத்தை மணி நேரமாக்கி 5,295 ஆல் வகுத்துப் பார்த்தேன். ஓர் உயிருக்கு மூன்று மணி பதினெட்டு நிமிடம் வருகிறது, இடைவேளையோடு ஒரு பெரிய நடிகர் படம் ஓடுகிற நேரம். அதையும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கே தலைக்கு 25,000 ரூபாயில் ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தாய்க் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைதாகி, அன்றே விடுதலையானதும் அதே 25,000 ரூபாய்க்குத்தான். இருபத்தாறு வருடத்தில் இந்தியாவில் விலை ஏறாத பொருள் இது ஒன்றுதான். 2010 தீர்ப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்த சிபிஐ, 1996 தீர்ப்பைத் திருத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டு 2011-ல் திருப்பி அனுப்பினார்கள். நியாயமான கேள்விதான். கேட்டவர்களிடமும் அதைக் கேட்கலாம்.

இந்தத் தண்டனைச் சட்டத்திலேயே கொலைக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எந்தச் சாக்கும் இல்லாமல் ஒருவன், கூட்டத்துக்குள் குண்டு நிரப்பிய பீரங்கியைச் சுடுகிறான்; ஒருவர் சாகிறார்; குறிப்பாக யாரையும் கொல்லும் திட்டம் அவனுக்கு இல்லாவிட்டாலும் அது கொலை. 1860-லிருந்து இந்தப் பீரங்கி சட்டப் புத்தகத்தில் நிற்கிறது. காலனியச் சுவடுகளைத் துடைத்தெறிகிறோம் என்று 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தவர்களும் பீரங்கியை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். டெல்லியிலோ சென்னையிலோ யாரும் கூட்டத்தில் பீரங்கி சுட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் நடுவே நாற்பது டன் விஷத்தைத் தொட்டியில் நிரப்பி, குளிர்பதனத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு ஏற்ற உதாரணம் எதையும் எழுத அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. எண்களை மாற்ற நேரம் இருந்தது. 302 இப்போது 103. 304 இப்போது 105. சன்ஹிதாவில் 304 என்றால் என்ன தெரியுமா? செயின் பறிப்பு.

பெரிய மனிதர்கள் கொலை செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை போபாலில் தொடங்கியதல்ல, அதில் நாம் முன்னோடிகள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் அவர்கள் தரப்புக் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சொன்ன காரணம் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டியது: இவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது; இப்படிப்பட்டவர்கள் நடந்தே போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். கார் இல்லாதவன் மட்டுமே கொலைகாரனாக இருக்க முடியும் என்பதை இவ்வளவு பச்சையாக வேறெந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் செத்த வழக்கில் விவசாயத் தொழிலாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அவர்கள் நடந்துதான் போயிருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கார் வைத்திருப்பவர்கள் காரில் வந்தே கொல்லும்போது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளிகள்மேல், குடித்துவிட்டு ஓட்டிய இளைஞரின் கார் ஏறி 7 பேர் செத்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். பிறகு உயர் நீதிமன்றம் 304 இரண்டாம் பாகத்துக்கு உயர்த்தி 3 வருடமாக்க, உச்ச நீதிமன்றம் 2012-ல் அதை உறுதி செய்தது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டுபவனுக்கு ஆள் சாகக்கூடும் என்ற அறிவு உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் ஏழு உயிருக்கு மூன்று வருட அறிவு.

புனேயில் 2024 மே 19 விடியற்காலை, கட்டுமான அதிபர் ஒருவரின் 17 வயது மகன் ஓட்டிய போர்ஷே மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை: சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே முன்னுரை, பொருளுரை, முடிவுரை போட்டு எழுதுகிற அதே தலைப்பு. நாடே கொதித்ததும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள்; அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் வெளியே விட்டது. இதற்கிடையில், சிறுவனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக அரசு மருத்துவர்கள் கைதானார்கள். மாதிரியில் மது இல்லையென்றால் அறிவும் இல்லை. அறியாமையை நீதிமன்றத்தில் வாதாடி நிரூபிப்பது பழைய தலைமுறை முறை. புதிய தலைமுறைக்கு ஊசி போதும்.

ஏழைக்குப் பாகுபாட்டின் பலனே கிடைப்பதில்லை என்று சொன்னால் அது பொய். கிடைக்கிறது. ஒரே அடி, திடீர்ச் சண்டை, திட்டமிடவில்லை என்று சொல்லி, 302-ல் ஆயுள் பெற்றவர்களின் தண்டனையை உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் 304-க்குக் குறைத்த தீர்ப்புகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பெரும்பாலும் கடைசி வரி ஒன்றுதான்: இதுவரை அனுபவித்த சிறைவாசமே போதுமானது. அதாவது பத்துப் பன்னிரண்டு வருடம் பாளையங்கோட்டையிலோ வேலூரிலோ களி தின்ற பிறகு, 'தம்பி, நீ கொலைகாரன் இல்லை, தப்பா நினைச்சுட்டோம், கிளம்பு' என்று சொல்வது. சேர்மனுக்கு வழக்கு தொடங்கும் முன்பே கிடைத்த பாகுபாடு அவனுக்கு வழுக்கை விழுந்த பிறகு கிடைக்கிறது.

கொலை இல்லை என்று சொல்ல, சட்டத்தில் ஐந்து விதிவிலக்குகள் இருக்கின்றன. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பொது ஊழியர், பொது நீதிக்காக, நல்லெண்ணத்தோடு, அதிகாரத்தைக் கொஞ்சம் மீறி ஆளைக் கொன்றுவிட்டால் கொலையாகாது. நம் காவல்துறைக்கு இந்த விதிவிலக்கு தேவைப்படுவதே இல்லை, ஏனென்றால் காவல் நிலையங்களில் யாரும் யாரையும் கொல்வதில்லை. அங்கே கழிப்பறை இருக்கிறது. பிடிபட்டவர்கள் அதில் வழுக்கி விழுகிறார்கள். எப்போதும் கை, கால் உடையும்படி அளவாக விழுகிறார்கள். சில சமயம் அளவு தவறி நெஞ்சுவலி வந்துவிடுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததாகப் பிடித்துப் போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் செத்தபோது முதலில் நாம் கேட்டது மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்ற கதையைத்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்துக் கழுத்தைப் பிடித்திராவிட்டால், அது கொலை வழக்காகி ஒன்பது காவலர்கள்மீது சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டிருக்குமா? டைல்ஸ் போட்ட மேஸ்திரிமீதுதான் 304ஏ போட்டிருப்பார்கள்.

மேஸ்திரியைச் சும்மா சொல்லவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் செய்தியில் இரண்டு வரி நிச்சயம்: போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு. 2012-ல் முதலிபட்டியில் 38 பேர் கருகினார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் ஷெட்டுகள் வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மருந்தை எவ்வளவு குவிக்கக் கூடாது, ஓர் அறைக்குள் எத்தனை பேரை உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் உரிமத்தாளிலேயே அச்சிட்டுத்தான் தருகிறார்கள். உரிமத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதைத்தான் நாம் கவனக்குறைவு என்கிறோம்.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு வீட்டைச் சுற்றி எழுப்பிய இருபதடிச் சுவர் மழையில் சரிந்து, பக்கத்துக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகள் செத்தார்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நீதி கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. சுவர் விழும் என்ற அறிவு, சுவரைக் கட்டியவர் பக்கம் இல்லாமல், அதற்கடியில் படுத்தவர்கள் பக்கமே குவிந்து கிடந்தது.

சாக்கடைச் சாவுகளில் இந்தக் கேள்வி நிர்வாணமாக நிற்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டம். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதே குற்றம், முதல் முறைக்கு 2 வருடம் வரை. செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. அதிகாரப்பூர்வக் கணக்கிலேயே இந்தச் சாவுகளில் முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. வழக்கு? பெரும்பாலும் கவனக்குறைவு. 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று செய்தி வரும். ஏ-ஒன் ஹைட்ரஜன் சல்பைடு, தலைமறைவு.

காண்ட்ராக்டருக்கு அறிவு இருந்ததா என்று தேடுகிறவர்கள் ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும். ஆளை இறக்கும்போது இடுப்பில் கயிறு கட்டுகிறார்களே, எதற்கு? மயங்கி விழுந்தால் இழுத்து எடுக்க. மயங்கி விழுவான் என்று தெரியாதவன் கயிறு ஏன் கட்டினான்? அறிவுக்கு இதைவிடப் பெரிய சான்று எந்த விசாரணை அதிகாரிக்கு வேண்டும்? இரண்டாம் பாகத்துக்கு வேண்டியது முழுவதும் அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. போலீஸ் அதைப் பிணத்தின் இடுப்பிலிருந்து அவிழ்த்து மகஜரில் எழுதி, சீல் வைத்து, கவனக்குறைவு என்ற கோப்புக்குள் போடுகிறது.

புதிய சன்ஹிதா கவனக்குறைவுக்கான தண்டனையை 5 வருடமாக்கியிருக்கிறது, மருத்துவர்களுக்கு மட்டும் பழைய 2. கூடவே, ஆளை மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்கு 10 வருடம் என்று ஓர் உட்பிரிவு. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நடுரோட்டில் நிறுத்திப் போராட, அதை நிறுத்தி வைத்தார்கள். மோதிவிட்டு ஓடுவது என்றதும் சட்டம் எழுதியவர்களுக்கு லாரிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. போபாலிலிருந்து ஆண்டர்சன் ஓடியது மாநில அரசின் விமானத்தில். திரும்பி வராமலே 2014-ல் அமெரிக்காவில் படுக்கையில் செத்தார். விமானத்தில் ஏறி ஓடுவதற்கு உட்பிரிவு கிடையாது.

ஆகவே பாராளுமன்றத்துக்கு என் தாழ்மையான வரைவு ஒன்று. கொலைக்கான 101-ஆம் பிரிவில் ஆறாவதாக ஒரு விதிவிலக்கு சேர்க்கலாம். நடைமுறையில் இருப்பதைத்தான் எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். மெக்காலே பாணியிலேயே விளக்க உதாரணங்களும் தருகிறேன்.

'அ' என்பவர், 'ஆ' என்பவரை ஒரே ஒரு முறை ஈட்டியால் குத்துகிறார். 'ஆ' சாகிறார். 'அ'வுக்கு மனம் உண்டு. 'அ' கொலை செய்தவராவார்.

'இ' என்பவர் ஓர் ஆலையின் தலைவர். ஆலையில் ஆபத்து என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர் கடிதங்களைப் படிப்பதில்லை. ஊர் சாகிறது. 'இ' எந்தக் குற்றமும் செய்யாதவராவார், வற்புறுத்தினால், கவனக்குறைவானவராவார்.

'ஈ' என்பவர், கார் வைத்திருக்கிறார். 'ஈ' செய்தார் என்று நம்புவது கடினம்.

'உ' என்பவர் சாக்கடைக்குள் இறங்குகிறார். உள்ளே விஷவாயு இருக்கும் என்று 'உ' அறிவார்; அவருடைய அண்ணனும் அதில்தான் செத்தார். மேலே நிற்கும் காண்ட்ராக்டர், பொறியாளர், ஆணையர் ஆகிய எவரும் அதை அறியார். 'உ' சாகிறார். சம்பவ இடத்தில் மரணம் விளையும் என்ற அறிவோடு செயல்பட்ட ஒரே நபர் 'உ' என்பதால், 105-ஆம் பிரிவு இரண்டாம் பாகத்தின்படி 'உ' குற்றவாளியாவார். எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு முடித்து வைக்கப்படுகிறது.